தெறியனுக்கு விடை குடுத்த விதம்: வயசுபோன பூனை வைச்சிருக்கிற ஆக்களுக்கு

நான் யாழ்ப்பாணம் கொக்குவிலிலை வீட்டோடை இருந்து சட்டை தைச்சுக் குடுக்கிற மனுசி. மிருக வைத்தியம் படிச்சதில்லை. பதினேழரை வருசம் ஒரு கடுவன் பூனையோடை சீவிச்சு, 2024 மாசியிலை அவனை என்ரை கையாலை மண்ணுக்கை வைச்சனான். அவ்வளவுதான் என்ரை தகுதி. அதுக்குப் பிறகு ஒழுங்கையிலை ஆரின்ரை பூனை சாப்பிடாட்டிலும் "அக்கா, ஒருக்கா வந்து பாருங்கோவன்" எண்டு படலையிலை வந்து நிக்கினம். ஒவ்வொருத்தருக்கும் நிண்டு சொல்ல, அளவு குடுக்க வந்த பிள்ளையள் விறாந்தையிலை காத்துக்கொண்டு இருக்குதுகள். ஆனபடியா ஒரேயடியா எழுதி வைக்கிறன்.

பேர் தெறியன். உடம்பு முழுக்க வெள்ளை, நெஞ்சிலை மட்டும் சட்டைத் தெறி (பொத்தான்) மாதிரி வட்டமா ஒரு கறுப்பு. 2006 ஆவணியிலை யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 பாதையைப் பூட்டி, ஊரடங்கும் சாமான் தட்டுப்பாடுமாக் கிடந்த நாளிலை கிடுகு வேலிக்குக் கீழாலை ஊர்ந்து வந்தவன். பால்மாவுக்கு மனுசரே வரிசையிலை நிண்ட காலம். கஞ்சித்தண்ணி குடிச்சுத்தான் தப்பினவன். தையல் மிசினுக்குப் பக்கத்திலை வெட்டுத்துண்டு போடுற மட்டைப்பெட்டிதான் கடைசிவரைக்கும் அவன்ரை வீடு.

விடை குடுக்கிற வேலை பூனை சாகிறதுக்கு ஒரு வருசத்துக்கு முன்னமே தொடங்கியிடும். எனக்கு அது விளங்கவே கனநாள் பிடிச்சது.

தண்ணியைக் கவனியுங்கோ

எங்கடை ஊரிலை பூனை தண்ணி குடிக்கிறதைப் பார்க்கிறதே அருமை. தெறியன் 2022 கடைசியிலை கிணத்தடி வாளியிலை தலையை விட்டுக் குடிக்கத் தொடங்கினான். "வெயிலுக்குக் குடிக்கிறான்" எண்டு விட்டிட்டன். வெயில் எங்கை, அது கார்த்திகை மாசம்! மழை ஊத்துது. குடிக்கிற அளவுக்கு ஒண்டுக்கும் போனான். மண்ணிலை பெரிய பெரிய ஈரக் கட்டி. பத்து வயசு தாண்டின பூனை திடீரெண்டு கனக்கத் தண்ணி குடிச்சா சலரோகமோ தைரொயிட்டோ இருக்கலாம். கனக்க நேரம் காரணம் சிறுநீரகம்தான். மூண்டிலை ரெண்டு பங்கு பழுதான பிறகுதான் அது வெளியிலை காட்டும் எண்டு பிறகு சொல்லிச்சினம். அதுவரைக்கும் பூனை ஒண்டும் நடக்காத மாதிரி மதிலிலை இருக்கும்.

அடுத்தது பாரம். பூனை மெலியிறது தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாது, மயிர் மறைச்சுப்போடும். முதுகிலை கையை வைச்சுத் தடவுங்கோ, முள்ளந்தண்டு மணி மணியாக் கையிலை தட்டுப்பட்டா மெலிஞ்சிட்டுது. நான் என்ன செய்தனான் எண்டா, சைக்கிளிலை மீன் கொண்டு வாற அண்ணையின்ரை தூக்குத் தராசிலை மாசத்துக்கு ஒருக்கா நிறுத்தனான். ஒரு பழைய பனையோலை உமலுக்கை ஆளை இறக்கி, கொழுவியிலை மாட்டினா ரெண்டு நிமிசம் வேலை. மீன் மணத்திலை அவனும் குழப்படி செய்யமாட்டான். "கிலோ என்ன விலை போடுவம் அக்கா?" எண்டு அண்ணை ஒவ்வொரு மாசமும் அதே பகிடியை விடுவார். 4.2 கிலோவிலை தொடங்கினது. பகிடி நிண்ட மாசம் 2.6.

முதல் கொண்டுபோய்க் காட்டின இடத்திலை "வயசு போட்டுதுதானே" எண்டு ஒரு சத்துமருந்துப் போத்தலைத் தந்து அனுப்பிச்சினம். நானும் தலையாட்டிக்கொண்டு வந்திட்டன். அப்பிடி வராதேங்கோ. ரத்தம் சோதிக்க ஏலுமோ எண்டு வாய் திறந்து கேளுங்கோ. ரெண்டாவதா பார்த்த டொக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் சிறுநீரகம் எண்டு சொன்னவர். அதுக்குப் பிறகு பதினாலு மாசம் இருந்தான், அதிலை பன்ரெண்டு மாசம் நல்லாவே இருந்தான்.

குடுக்கக்கூடாதது

இதை வேறையாச் சொல்லவேணும். எங்கடை ஆக்களுக்குத் தலையிடிக்கும் பனடோல், காய்ச்சலுக்கும் பனடோல். பூனை நோவிலை முனகினா அரைத் துண்டை உடைச்சுக் குடுக்கக் கை போகும். குடுத்திடாதேங்கோ. பனடோலிலை இருக்கிற பரசிட்டமோலை உடைச்சு வெளியேத்துற சத்து பூனையின்ரை ஈரலுக்கு இல்லை. ஒரு குளிசையே கொல்லப் போதும். ரத்தம் மண்ணிறமாகி, பல்லு முரசு நீலம் பாரிச்சு, மூச்சு முட்டித்தான் சாகும். நாய்க்குக் குடுத்த மருந்தும் வேண்டாம், இபுபுறூபனும் வேண்டாம். மூட்டுக்குப் பூசுற கற்பூரத் தைலமும் வேண்டாம், பூனை பூசினதை எல்லாம் நக்கும். கறி மீன் குடுக்கிறதெண்டாலும் வெங்காயம், உள்ளி போட்டது கூடாது, ரத்தத்தைக் கெடுக்கும். பசும்பால் குடுத்தால் கனக்கப் பூனைக்கு வயித்தாலை போகும். வத்திப்போன உடம்புக்கு அது பெரிய இழப்பு.

இருக்கிற நாளைச் சுகமாக்கிறது

பெட்டியின்ரை முன்பக்கத்தை நான் நாலு விரல் உயரத்துக்கு வெட்டிவிட்டன். வயசுபோன பூனைக்கு மூட்டு இறுகும். ஏறிக் குதிக்க ஏலாமல் போறதை அது உங்களுக்குச் சொல்லாது. மேசைக்கு ஏறுறதை விட்டிடும், அவ்வளவுதான். மிசினுக்குப் பக்கத்திலை ஒரு மணைப்பலகையை வைச்சன். அடுத்த நிமிசம் அதிலை காலை வைச்சு மிசின் மேசையிலை ஏறி, விளக்குச் சூட்டுக்குக் கீழை படுத்திட்டான். எத்தினை மாசமா ஏற ஆசைப்பட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு இருந்தானோ.

நகத்தைப் பாருங்கோ. ஓடித்திரியாத பூனைக்கு நகம் தேயாது. தடிச்சு வளைஞ்சு பாதத்துக்குள்ளையே குத்தும். தெறியன் நொண்டினது மூட்டுவாதத்தாலை எண்டு ஒரு மாசம் நினைச்சுக்கொண்டு இருந்தன். முன்கால் பெருவிரல் நகம் சதைக்குள்ளை போயிருந்தது. இவ்வளவு நாளும் கத்தரிக்கோலோடை சீவிக்கிற மனுசிக்கு அது தெரியேல்லை எண்டது இண்டைக்கும் வெக்கம்தான். நுனியை மட்டும் வெட்டுங்கோ, உள்ளை இளஞ்சிவப்பாத் தெரியிறது ரத்த நரம்பு.

சாப்பாட்டைச் சூடாக்கிக் குடுங்கோ. பூனை மணத்தைப் பிடிச்சுத்தான் சாப்பிடும். மூக்கு மங்கிப்போன பூனைக்கு ஆறின மீன் கல்லு மாதிரி. உப்பில்லாமல் அவிச்ச சூடை மீனை முள்ளெடுத்து, அவிச்ச தண்ணியோடை பிசைஞ்சு, கை பொறுக்கிற சூட்டிலை வைச்சா எழும்பி வருவான். சிறுநீரகத்துக்கெண்டு விக்கிற சாப்பாடு நல்லதுதான், வாங்கியும் பார்த்தன். அவன் அதை மணந்துபோட்டு மண்ணைத் தோண்டி மூடுற மாதிரிச் சீமெந்து நிலத்தைச் சுரண்டினான். டொக்டர் சிரிச்சுப்போட்டு, "இந்த வயசிலை எதைச் சாப்பிடுறாரோ அதைக் குடுங்கோ" எண்டார். தீத்துறதெண்டா கன்னப் பக்கத்தாலை கொஞ்சம் கொஞ்சமா. நேரை தொண்டைக்கை தண்ணியை அடிச்சா நுரையீரலுக்கை போயிடும்.

தோலுக்குக் கீழை சேலைன் ஏத்தவும் டொக்டர் காட்டித் தந்தவர். தோளுக்கு நடுவிலை தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கி ஊசியைப் போடுறது. முப்பத்தைஞ்சு வருசம் ஊசி பிடிச்ச கை முதல் நாள் நடுங்கின நடுக்கம்! ஆனால் ஏத்தின அடுத்த நாள் அவன் தன்ரை மயிரைத் தானே நக்கினான். ஆரும் காட்டித் தராமல் இதைச் செய்து பார்க்கவேண்டாம்.

எப்ப எண்டு தெரியிறது

"அது தானாக் காட்டும்" எண்டு எல்லாரும் சொல்லுவினம். எனக்கு அப்பிடி ஒண்டும் காட்டேல்லை. பூனை நோவை ஒளிக்கிற சாதி. மடியிலை கிடந்து குறுகுறுக்கிறதைப் பார்த்துச் சந்தோசமா இருக்கு எண்டு நினைச்சா, தாங்க ஏலாத நோவிலையும் அது குறுகுறுக்கும்.

என்ரை தம்பியின்ரை மகள் பேராதனையிலை மிருக வைத்தியம் படிக்கிறா. லீவிலை வந்து நிக்கேக்கை அவதான், "மாமி, மனசாலை பார்க்காதேங்கோ, கொப்பியிலை எழுதிப் பாருங்கோ" எண்டு சொன்னவ. அமெரிக்காவிலை அலிஸ் வில்லாலோபொஸ் எண்ட மிருக வைத்தியர் ஒரு கணக்கு வைச்சிருக்கிறாவாம். நோ, பசி, நீர்ச்சத்து, துப்புரவு, சந்தோசம், நடமாட்டம், கூடாத நாளை விட நல்ல நாள் கூடவோ எண்டு ஏழு விசயம். ஒவ்வொண்டுக்கும் பத்துக்குள்ளை புள்ளி. மொத்தம் 70 இலை 35க்கு மேலை நிண்டா இன்னும் வைச்சுப் பார்க்கலாம். நோவெண்ட வரியிலை மூச்சு விடக் கஷ்டப்படுறதும் அடக்கம், அதைத்தான் முதல் பார்க்கவேணும் எண்டா.

முகம் பார்க்கிறதும் காட்டித் தந்தவ. மொன்றியல் பல்கலைக்கழக ஆக்கள் 2019 இலை வெளியிட்ட முறை. காது ரெண்டும் விலகி வெளிப்பக்கம் திரும்பி நிக்குதோ, கண்ணைச் சுருக்குதோ, வாய்ப்பக்கம் இறுகிக் கிடக்கோ, மீசை வளைவு இல்லாமல் நேரை நீட்டிக்கொண்டு நிக்குதோ, தலை தோளுக்குக் கீழை தொங்குதோ. இந்த ஐஞ்சையும் பூனை முழிச்சு, சும்மா இருக்கேக்கை பாருங்கோ. ஒரு நாள் பார்த்துப் பழகினா பிறகு கண்ணிலை படாமல் விடாது. எனக்கு அது நல்லதோ கூடாததோ தெரியேல்லை, மிசினிலை இருந்தாலும் அடிக்கடி திரும்பி மீசையைப் பார்த்துக்கொண்டே இருந்தன்.

ஏழு வரி எனக்குக் கொஞ்சம் கூட. அளவு எழுதுற கொப்பியின்ரை கடைசித் தாளிலை தெறியனுக்கெண்டு ஐஞ்சு விசயம் எழுதினன். மீன்காரரின்ரை ஹோன் கேட்டா படலைக்கு ஓடுறது. வெட்டுத்துண்டுப் பெட்டியை உழக்கிப் படுக்கை போடுறது. பின்னேரம் மதிலிலை இருந்து பக்கத்து வீட்டு நாயை அவமதிக்கிறது. தன்னைத் தானே நக்கித் துடைக்கிறது. இராவிலை என்ரை காலடியிலை வந்து படுக்கிறது. தினமும் படுக்க முதல் சரி போடுறது. நீங்களும் உங்கடை பூனைக்கு ஏத்த ஐஞ்சை, அது நல்லா இருக்கேக்கையே எழுதி வையுங்கோ. வருத்தம் முத்தின பிறகு எழுத வெளிக்கிட்டா, "கண்ணைத் திறந்து பார்க்கிறது" எண்டதையும் ஒண்டா எழுதுவியள். மூண்டு விசயம் இல்லாமல் போனா டொக்டரிட்டைக் கதைக்கவேணும் எண்டு மேலை எழுதிக் கையெழுத்தும் வைச்சனான், எனக்கு நானே.

மூண்டும் தை 28 ஆம் திகதி போச்சு. டொக்டருக்கு நான் போன் அடிச்சது மாசி 2 ஆம் திகதி.

அந்த ஐஞ்சு நாள்

அந்த ஐஞ்சு நாளும் ஏன் இழுத்தன் எண்டு சொல்லத்தான் வேணும். பூனையைக் கொன்ற பாவம் காசிக்குப் பொன்னிலை பூனை செய்து கொண்டுபோனாலும் தீராது எண்டு ஆச்சி சொல்லிச் சொல்லி வளர்த்தவ. ஊசி போடுறதும் கொலைதானே எண்டு ஒரு குரல். அதுக்குள்ளை இன்னொண்டும் கிடந்தது. 1995 ஐப்பசி 30, சண்டைக்குப் பயந்து எங்கடை வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க ஒரே இரவிலை ஊரை விட்டு வெளிக்கிட்டது. எங்கடை வீட்டிலை அப்ப சிவப்பி எண்டு ஒரு பெட்டைப் பூனை. சைக்கிள் கரியரிலை மிசின் தலையைக் கட்டினன், அம்மாவைப் பிடிச்சன், ஒரு சட்டி சோறைக் குசினியிலை வைச்சுக் கதவைத் திறந்து விட்டிட்டு வந்தன். நாவற்குழிப் பாலத்திலை சனத்துக்கை நெரிஞ்சுகொண்டு நிக்கேக்கை, சட்டியை மூடி வைச்சனோ திறந்து வைச்சனோ எண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டன். அடுத்த வருசம் திரும்பி வந்தபோது சட்டி கிடந்தது. அவளை ஒரு முறை விட்டிட்டு வந்தனான், இவனை விடமாட்டன் எண்டு பிடிச்சுக்கொண்டு இருந்திருக்கிறன். அந்த ஐஞ்சு நாளும் தெறியன் தண்ணிச் சட்டிக்கு முன்னாலை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தான், குடிக்கேல்லை. கண்ணைச் சுருக்கி, மீசை நேரை நீட்டினபடி.

கோயிலடியிலை ஒரு வயசுபோன ஐயரிட்டைக் கேட்டன். அவர் பாவ புண்ணியம் ஒண்டும் கதைக்கேல்லை. "சாப்பிடுதோ?" எண்டார். "இல்லை" எண்டன். "நீர் நித்திரை கொள்ளுறீரோ?" எண்டார். வீட்டை வந்து டொக்டருக்கு அடிச்சன்.

நீங்கள் ஊசி வேண்டாம் எண்டு முடிவெடுத்தா நான் குறை சொல்லமாட்டன். ஆனால் அப்பவும் டொக்டரிட்டை நோவுக்கு மருந்து கேளுங்கோ. சும்மா விடுறது வேறை, நோ இல்லாமல் விடுறது வேறை.

டொக்டரிட்டை முதலே கேக்கவேண்டியது

வீட்டை வருவியளோ எண்டது முதல் கேள்வி. சிலர் வருவினம், சிலருக்கு நேரம் இல்லை. வராட்டி ஓட்டோவிலை கொண்டு போகேக்கை கடகத்துக்கை பழகின துணியைப் போட்டு, மேலை மெல்லிய சீலைத்துண்டாலை மூடுங்கோ. கிளினிக்கிலை நாய் குரைக்காத நேரமாக் கேட்டு வாங்குங்கோ. காசை முதலே குடுத்து முடியுங்கோ. எல்லாம் முடிஞ்ச பிறகு கைப்பையைத் துழாவிக்கொண்டு நிக்கிறது பெரிய கொடுமை.

ரெண்டாவது, முதல் மயக்க மருந்து போடுவியளோ எண்டு கட்டாயம் கேளுங்கோ. தெறியனுக்கு முதல் போட்டது நித்திரை மருந்து. அஞ்சு பத்து நிமிசத்திலை என்ரை மடியிலை உடம்பு தொய்ஞ்சு போச்சு. அதுக்குப் பிறகு முன்காலிலை கொஞ்ச மயிர் வழிச்சு, நரம்பிலை ரெண்டாவது ஊசி. அது மயக்க மருந்து வகைதான், அளவைக் கூட்டிப் போடுறது. மூளை முதல் நித்திரையாகும், பிறகு மூச்சு, பிறகு இதயம். நரம்பிலை போட்டா ஓரிரு நிமிசத்திலை முடிஞ்சிடும். வத்திப்போன பூனைக்கு நரம்பு பிடிபடாட்டி வயித்திலை போடுவினம், அதுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

ஒருத்தரும் எனக்குச் சொல்லாததைச் சொல்லுறன். கண் மூடாது. முடிஞ்ச பிறகும் ஒரு பெரிய மூச்சு இழுக்கலாம், கால் துடிக்கலாம், ஒண்டுக்குப் போகலாம். அது உயிர் இல்லை, தசை அடங்கிறது. எனக்குத் தெரியாததாலை "டொக்டர், இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு" எண்டு கத்தினன். அவர் குழாயை வைச்சுக் கேட்டுப்போட்டு, எனக்கும் காதிலை மாட்டித் தந்தார். ஒரு சத்தமும் இல்லை. மடியிலை துவாயை நாலா மடிச்சுப் போட்டுக்கொண்டு இருங்கோ.

தானாச் சாகிறதெண்டா

சில பூனை உங்களுக்கு முந்தியிடும். காதும் பாதமும் குளிர்ந்து வரும், மூச்சுக்கு மூச்சு இடைவெளி கூடும், விறகுக் கொட்டிலுக்கோ அலுமாரிக்குக் கீழையோ ஒளிக்கப் பார்க்கும். வெளியிலை போக விடாமல் ஒரு இருட்டு மூலையை நீங்களே செய்து குடுங்கோ. சுடுதண்ணிப் போத்தலைத் துவாயிலை சுத்திப் பக்கத்திலை வையுங்கோ, கூடினால் விலகக்கூடிய மாதிரி. வாய்க்கை ஒண்டும் ஊத்தாதேங்கோ, கடைசித் தீர்த்தம் எண்டாலும் பஞ்சை நனைச்சு உதட்டிலை தடவினாக் காணும். வாயைத் திறந்து இளைச்சா, கத்தினா, வலிப்பு வந்தா, பொறுத்திருக்காமல் டொக்டரிட்டை ஓடுங்கோ.

இன்னொண்டு. நல்ல பூனை திடீரெண்டு குணம் மாறி ஆளைக் கடிச்சா வயசு எண்டு விட்டிடாதேங்கோ. காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியிலை பதினைஞ்சு நிமிசம் கழுவி, அண்டைக்கே ஆசுப்பத்திரிக்குப் போங்கோ. விசர்நோய் பூனைக்கும் வரும். அப்பிடிச் சந்தேகம் இருந்தா, பூனை செத்தாலும் டொக்டரிட்டைச் சொல்ல முதல் தாக்கக்கூடாது (புதைக்கக்கூடாது).

உடம்பு

மூண்டு நாலு மணித்தியாலத்துக்குள்ளை விறைக்கத் தொடங்கும், எங்கடை வெக்கைக்கு அதுக்கும் முந்தியே. ஆனபடியா முதல் மணித்தியாலத்துக்குள்ளையே காலையும் வாலையும் மடக்கி, படுக்கிற மாதிரிச் சுருட்டி வையுங்கோ. பிறகு செய்ய ஏலாது, நீட்டினபடி விறைச்சா கிடங்கும் பெரிசா வெட்டவேணும். கண்ணை மூடப் பார்த்து மல்லுக்கட்ட வேண்டாம், ஒரு துண்டுத் துணியாலை முகத்தை மூடுங்கோ. அண்டைக்கே தாக்கிறதுதான் நல்லது. பிள்ளை வெளியூரிலையிருந்து வரவேணும் எண்டு ஐஸ் வைச்சுக் காத்திருந்த ஒரு வீட்டையும் தெரியும். அதுவும் செய்யலாம், ஆனால் ஒரு இரவுக்கு மேலை வேண்டாம்.

பொலித்தீன் பையிலை கட்டாதேங்கோ, மண்ணோடை சேராது. பருத்தித் துணி காணும். நான் அவன்ரை பெட்டியிலை கிடந்த வெட்டுத்துண்டுகளை எடுத்து, மிசினிலை இருந்து ஒரு போர்வை பொருத்தினன். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையின்ரை மிச்சம், ஒரு கலியாண ரவிக்கையின்ரை சிவப்பு, சாரி போல்ஸ் துண்டு. முக்கால் மணித்தியாலம். நேர்த்தியா வரேல்லை, ரெண்டு இடத்திலை நூல் அறுந்தது. தைக்கத் தெரியாட்டி உங்கடை பழைய சாரம் ஒண்டு போதும், உங்கடை மணம் இருக்கவேணும்.

கிடங்கு

யாழ்ப்பாணத்திலை கிடங்கு வெட்டுறது சின்னக் காரியம் இல்லை. செம்மண் பக்கத்திலை ரெண்டடி இறங்க முதலே சுண்ணாம்புக் கல்லு தட்டும், மண்வெட்டி மட்டும் காணாது, அலவாங்கும் வேணும். பூனைக்கு வருத்தம் முத்தேக்கையே இடத்தைப் பார்த்துத் தோண்டிப் பாருங்கோ. கேக்கக் கூடாத மாதிரி இருக்கும், ஆனால் அண்டைக்கு அழுதுகொண்டு மூண்டு இடத்திலை கல்லிலை குத்துறதை விட இது நல்லது. கார்த்திகை மார்கழியிலை எண்டா தாழ்ந்த வளவுகளிலை கிடங்குக்கை தண்ணி ஊறும், மேட்டுப் பக்கமாப் பாருங்கோ. ஆடி ஆவணியிலை மண் ஓடு மாதிரி இறுகிக் கிடக்கும். முதல் நாள் இரவு ரெண்டு வாளி தண்ணி ஊத்தி வைச்சா இளகும்.

கிணத்துக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது. எங்கடை நிலத்திலை வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, குளிக்கிறதும் குடிக்கிறதும் மழை கீழை இறங்கிச் சுண்ணாம்புக் கல்லிலை தேங்கின தண்ணி. கல்லு வெடிப்புகளாலை எல்லாம் சுகமாக் கீழை போகும். உங்கடை கிணறு மட்டும் எண்டில்லை, மதிலுக்கு அங்காலை பக்கத்து வீட்டுக் கிணறு எங்கை இருக்கு எண்டும் பார்க்கவேணும். அதாலை நான் ஆசைப்பட்ட வேப்பமரத்தடி சரிவரேல்லை, பின் கோடியிலை பூவரசடியிலைதான் இடம் கிடைச்சது.

ஆழம் மூண்டடி. ஊசி போட்ட உடம்புக்கு இது கட்டாயம். அந்த மருந்து செத்த உடம்பிலை கனகாலம் அழியாமல் கிடக்கும், தோண்டித் திண்ட நாயும் காகமும் செத்துப்போகும். மண்ணை மிதிச்சு இறுக்கி, மேலை ரெண்டு கல்லை வைச்சு, ஒரு மாசத்துக்கு இலந்தை முள்ளுக் கொப்பைப் பரவி விடுங்கோ. வாடகை வீட்டிலை இருக்கிற ஆக்கள், ஊரிலை வளவு இருக்கிற சொந்தக்காரரிட்டை முன்கூட்டியே கேட்டு வைக்கவேணும். குப்பை வண்டிக்கும் வாய்க்காலுக்கும் போடுறதை நான் இங்கை எழுத விரும்பேல்லை.

வீட்டு ஆக்கள்

என்ரை மகன் ரொறன்ரோவிலை. பெட்டியோடை வளர்ந்தது அவனும் தெறியனும்தான். முடிஞ்ச பிறகு சொல்லுவம் எண்டுதான் நினைச்சன். தம்பியின்ரை மகள்தான், "மாமி, அண்ணாவுக்கு முதலே சொல்லுங்கோ" எண்டு பிடிவாதமா நிண்டவ. எங்களுக்குக் காலமை எட்டரை, அவனுக்கு முதல் நாள் இரவு பத்து. வாட்சப்பிலை எடுத்துப் போனைப் பெட்டிக்குப் பக்கத்திலை சாத்தி வைச்சிட்டு நான் குசினிக்குப் போயிட்டன். என்ன கதைச்சான் எண்டு தெரியாது. திரும்பி வந்து பார்த்தா ஒருத்தரும் கதைக்கேல்லை, அவன் அங்கை கட்டிலிலை படுத்திருக்கிறான், இவன் இங்கை பெட்டியிலை படுத்திருக்கிறான். வெளிநாட்டிலை இருக்கிற பிள்ளையளுக்கு மறைக்காதேங்கோ.

சின்னப் பிள்ளையளிட்டை "நித்திரை" எண்டு சொல்லவேண்டாம், பிறகு அதுகள் நித்திரைக்குப் பயப்படும். "செத்துப்போச்சு, இனி வராது" எண்டு சொல்லுங்கோ. பக்கத்து வீட்டுச் சின்னவன் "மண்ணுக்கை மூச்சு முட்டாதோ?" எண்டு கேட்டான். செத்தா மூச்சு இல்லை எண்டு சொன்னன். "அப்ப சரி" எண்டுபோட்டு முள்ளுக் கொப்பைத் தூக்க உதவி செய்தான்.

பெரியம்மா படலையிலை நிண்டு "என்னடி, துடக்கோ?" எண்டு பகிடி விட்டா. இன்னொருத்தர் "பூனைதானே, வேறை ஒண்டு எடுக்கலாம்" எண்டார். ரெண்டு பேருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. துடக்கும் இல்லை, எட்டுச் செலவும் இல்லை, சாம்பல் கரைக்கக் கீரிமலைக்கும் போகத் தேவையில்லை. ஆனால் எட்டாம் நாள் நான் சூடை அவிச்சு மதிலிலை வைச்சன், எவளோ ஒரு திருட்டுப் பூனை வந்து திண்டிட்டுப் போச்சு. வீட்டிலை வேறை பூனை நிண்டா, தாக்க முதல் உடம்பை ஒருக்கா மணக்க விடுங்கோ. இல்லாட்டி கனநாளைக்கு அறை அறையாத் தேடும். சாப்பாட்டுச் சட்டியை எப்ப எடுக்கிறது எண்டு கேக்கிறவை இருக்கினம். என்ரை சட்டி இன்னும் குசினி மூலையிலைதான்.

ஒண்டு மட்டும் மறந்திட்டன். மீன்கார அண்ணைக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. மூண்டாம் நாள் வழக்கம் போலை ஹோன் அடிச்சு, உமலை எடுத்துக்கொண்டு வருவன் எண்டு தராசைக் கொழுவிக்கொண்டு நிண்டார். நான் வெறுங்கையோடை போய்ப் பூவரசடியைக் காட்டினன். தராசைச் சுருட்டிப் பெட்டிக்கை வைச்சிட்டு, ஒண்டும் சொல்லாமல் சைக்கிளை உழக்கினார். அதுக்குப் பிறகு எங்கடை படலை வந்தா மட்டும் ஹோன் அடிக்காமல் மெல்லமாத் தாண்டிப் போவார். பத்து நாள் பார்த்தன். பதினோராம் நாள் ஒழுங்கை முடக்கிலை மறிச்சு, "அண்ணை, அடியுங்கோ. எனக்கும் மீன் வேணும்" எண்டு சொன்னன்.